அமெரிக்கப் போர்க்களத்திலிருந்து மாரிக்குப்பம் வரை

மாரிக்குப்பத்தோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. 1894-ம் ஆண்டு, அந்நாளில் பௌரிங்பேட்டை என்று பெயர் பெற்றிருந்த பங்காரப்பேட்டையிலிருந்து, தங்கச் சுரங்கங்களுக்காகவே போட்ட பாதை இது. இன்று தங்கம் இல்லை. விடியுமுன்னே ஆயிரக்கணக்கானவர்கள் சோற்று டப்பாவுடன் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இருட்டிய பிறகு திரும்பி வருகிறார்கள்.

அப்படிப் போய் வரும் ஒரு இளைஞரின் தாத்தாவைச் சில மாதங்களுக்கு முன் பார்க்கப் போயிருந்தேன். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லைன் வீடு. முன்னறைச் சுவரில் வரிசையாகப் படங்கள். புத்தர், டாக்டர் அம்பேத்கர், மூன்றாவதாகத் தலைப்பாகையுடன் அயோத்திதாசப் பண்டிதர். நான்காவது படத்தில் ஒரு வெள்ளைக்காரர். நெஞ்சு வரை இறங்கிய வெண்தாடி. முதலில் யாரோ பாதிரியார் என்றே நினைத்தேன்.

"பாதிரி இல்லை தம்பி, பட்டாளத்துக்காரர். அமெரிக்காவிலே அடிமைகளை வைச்சு நடந்த சண்டை தெரியுமா? அதிலே இருந்தவர். எங்க அப்பா மாட்டி வைச்ச படம்" என்றார் பெரியவர்.

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்! அடையாறில் தியாசபிகல் சொசைட்டி என்னும் பிரம்மஞான சபையை வைத்து நடத்தியவர் என்ற அளவில் பெயர் கேட்டிருக்கிறேன். அவருக்கும் மாரிக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் போனதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முன்பே வந்த சிப்பாய்கள்

தங்கவயலுக்குப் பட்டாளத்துக்காரர்கள் புதியவர்களல்ல. திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்த பிறகு மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802-ல் இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டார். காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டி வண்டியாக மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரில் அலசித் தங்கத் துகள்களைக் காட்டினார்கள். மாரிக்குப்பத்துக் குழிகளுக்குள் இறங்கி மண்ணெடுத்தவர்கள் பறையர்கள் என்று அவர் தம் குறிப்பில் எழுதினார். நூறு அடி, ஆயிரம் அடி என்று கம்பெனிகள் தோண்டுவதற்கு எண்பது வருஷம் முன்பே குழிக்குள் இறங்கியவர்கள் நம்மவர்கள்தாம்.

அடுத்தவர் மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல். ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு ஆங்கிலேயர் நடத்திய சண்டையில் இருந்துவிட்டு, ஓய்வுக் காலத்தைக் கழிக்கப் பெங்களூர் கண்டோன்மென்டுக்கு வந்தவர். வாரன் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் புறப்பட்டார். 1873-ல் மைசூர் சர்க்காரிடம் உரிமம் கேட்டார். கைப்பணம் போதாமல் சில ஆண்டுகளில் உரிமையை வேறு ஆட்களுக்குக் கைமாற்றினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உலகறிந்த கதை. பெங்களூரில் லாவெல் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது.

ஆகப் பூமிக்குள் இருந்த தங்கத்தைத் தேட வைத்தவர்கள் இரண்டு சிப்பாய்கள். அந்தத் தங்கத்தை எடுக்க, தாது வருஷப் பஞ்சம் சுரண்டிவிட்டுப் போன வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் சீமைகளிலிருந்து வந்து குவிந்த மக்களின் கதையில்தான் மூன்றாவது சிப்பாய் வருகிறார்.

கொடியும் கணக்குப் புத்தகமும்

ஆல்காட் 1832 ஆகஸ்ட் 2-ம் தேதி அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு என்ற ஊரில் பிறந்தவர். முதலில் விவசாய ஆராய்ச்சி. சோளத்திலிருந்து சர்க்கரை எடுப்பதைப் பற்றி 1857-ல் புத்தகமே எழுதினார்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பு மக்கள் அப்போது விலைக்கு வாங்கி விற்கப்படும் அடிமைகள். ஏறத்தாழ 40 லட்சம் பேர். அவர்களுக்கு ஆயுதம் கொடுத்து விடுவிப்பதற்காக ஜான் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் 1859-ல் சர்க்காரின் ஆயுதக் கிடங்கையே தாக்கினார். பிடிபட்டார். டிசம்பர் 2-ம் தேதி தூக்கிலிட்டார்கள். அதை நேரில் பார்த்து 'நியூயார்க் டிரிப்யூன்' பத்திரிகைக்கு எழுத, உயிரைப் பணயம் வைத்துத் தென்பகுதிக்குப் போனவர் ஆல்காட். அந்தப் பத்திரிகையின் நிருபர் என்று தெரிந்தால் அங்கே அடித்தே கொன்றிருப்பார்கள்.

1861 ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டது. நான்கு ஆண்டுகள். ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். (அந்தப் போரால் அமெரிக்கப் பருத்தி நின்றுபோய், நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கு லங்காஷயர் ஆலைகளில் ஏறிய விலையைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) ஆல்காட் வடக்குப் படையில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது சிக்னல் பிரிவு. ரயில்வேயில் கார்டு பச்சைக் கொடி காட்டுகிறாரே, அதைப்போலக் கொடியை அசைத்துப் படைகளுக்குச் சேதி சொல்லும் வேலை. வட கரோலினாவில் ஜெனரல் பர்ன்சைடின் கீழ் இருந்தார். அங்கே நோய் கண்டு நியூயார்க் திரும்பினார்.

அவருடைய உண்மையான போர் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்கும் காண்ட்ராக்டர்கள் பொய் ரசீது எழுதிக் கொள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். யுத்த இலாகா ஆல்காட்டை விசேஷ விசாரணை அதிகாரியாக நியமித்தது. மிரட்டலுக்கும் அசையாமல், லஞ்சத்துக்கும் மசியாமல் கணக்குப் புத்தகங்களைக் குடைந்தார். பெரிய மோசடிக்காரர்களைச் சிறைக்கு அனுப்பினார். கர்னல் பதவி அவருக்கு இந்த வேலையில்தான் வந்தது. துப்பாக்கியால் அல்ல, வவுச்சரைச் சரிபார்த்துக் கர்னல் ஆனவர்! இதைப் படிக்கும் குமாஸ்தா நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

1865 ஏப்ரலில் ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டார். அந்தச் சதியைத் துருவிய விசாரணையிலும் ஆல்காட்டுக்கு வேலை இருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

அடையாறில் ஒரு பள்ளிக்கூடம்

போருக்குப் பிறகு வக்கீல் தொழில். பிறகு மேடம் பிளவாட்ஸ்கியின் தொடர்பு. 1875 நவம்பரில் நியூயார்க்கில் பிரம்மஞான சபை. 1879 பிப்ரவரியில் பம்பாயில் வந்து இறங்கினார். 1880 மே மாதம் இலங்கையில் காலி நகரத்தில் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். 1882 முடிவில் அடையாறில் குடியேறினார். ஆவி, மகாத்மா கடிதம், சித்துகள் என்று அந்தச் சபையைச் சுற்றி அப்போது எழுந்த சர்ச்சைகளுக்குள் நான் போகவில்லை. அவை நமக்கு வேண்டியதில்லை.

நமக்கு வேண்டியது 1894-ம் ஆண்டு. அடையாறைச் சுற்றியிருந்த சேரிகளைக் கர்னல் பார்த்தார். சபையின் தோட்டத்துக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கூடத் திண்ணையில்கூட ஏறக்கூடாதென்று விலக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்கென்று இலவசப் பள்ளி ஒன்று தொடங்கினார். 'பஞ்சமர் பள்ளி' என்று பெயர். அவர் காலத்திலேயே ஐந்து பள்ளிகளாகின. அதில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர்! 1902-ல் 'ஏழைப் பறையன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சிறு வெளியீடு எழுதி, வெளிநாட்டாரிடம் பள்ளிக்கு உதவி கேட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பிள்ளைகள் வக்கீலாகவும் டாக்டராகவும் வருவார்கள் என்று கர்னல் திட்டம் போடவில்லை. எழுத்து, கணக்கு, பிழைப்புக்கு உதவும் கொஞ்சம் ஆங்கிலம். அவ்வளவே. அடிமைமுறைக்கு எதிரான படையில் இருந்தவர், இந்த மண்ணின் அடிமைத்தனத்தைப் பார்த்து இன்னும் பெரிதாகக் கனவு கண்டிருக்கலாமே என்று நமக்கு இன்று தோன்றுகிறது. ஆனால் அந்த அளவுக்குக்கூட அன்று யார் செய்தார்கள்? பிரம்மஞான சபையின் உறுப்பினர்களில் உயர் சாதிப் பெரிய மனிதர்கள் ஏராளம். அவர்களை வைத்துக்கொண்டே இதையும் அவர் செய்தார்.

பண்டிதர் கேட்ட கேள்வி

அயோத்திதாசர் 1845 மே 20-ல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். ஆசிரியர் மேல் கொண்ட பக்தியால் அவர் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார். சித்த வைத்தியர். தம் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் வேலை செய்தபோது திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்ததாகவும், அது எல்லிஸ் துரை கைக்குப் போனதாகவும் பண்டிதர் எழுதியிருக்கிறார்.

1891-ல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டியவர். அடுத்த ஆண்டு சென்னையில் மகாஜன சபைக் கூட்டம். பெரிய வக்கீல்கள், மிராசுதார்கள் கூடியிருந்த இடம். எங்கள் மக்கள் கோயிலுக்குள் வந்து கும்பிட ஏன் தடை, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுந்து கேட்டார் பண்டிதர். கோயில் கேள்விக்கு என்ன பதில் வந்தது தெரியுமா? சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கல்ல. உங்களுக்கு மதுரை வீரனும் கருப்பனும் இருக்கிறார்களே என்றார் ஒரு சாஸ்திரியார். அப்படியானால் உங்கள் சாமியே எங்களுக்கு வேண்டாம் என்று திரும்பினார் பண்டிதர்.

திரும்பியவர் ஏட்டுச்சுவடிகளில் தேடினார். இம்மக்கள் ஆதியில் பௌத்தர்கள். சாதியை ஏற்க மறுத்ததால்தான் தாழ்த்தப்பட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தார். அந்த முடிவோடு 1898-ல் அவர் தட்டிய கதவு ஆல்காட்டின் கதவு. கூடச் சென்றவர் கர்னலின் பஞ்சமர் பள்ளி ஆசிரியர்களில் ஒருவரான பி. கிருஷ்ணசாமி.

கர்னல் இருவரையும் கொழும்புக்கு அழைத்துப் போனார். சிங்களத் துறவிகளில் மூத்தவரான ஹிக்கடுவை சுமங்கல தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பி வந்து சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார்கள். அம்பேத்கர் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது 1956-ல். அதற்கு 58 ஆண்டுகள் முன்பே நடந்தது இது!

கர்னலா பண்டிதரை பௌத்தராக்கினார்? சிலர் அப்படி எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேள்வியும் பண்டிதருடையது, தேடிக் கண்ட பதிலும் பண்டிதருடையது. ஆனால் இலங்கைப் பிக்குகளிடம் போய், இவர்கள் உங்கள் சகோதரர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அன்று சென்னையில் வேறு ஆள் இருக்கவில்லை. கர்னலின் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. அவர் முயற்சியால் பௌத்தப் பள்ளிகள் எழுந்த நாடு அது. 1885-ல் கொழும்புக் குழு ஒன்று பௌத்தக் கொடியை உருவாக்கியபோது, நீளம் அதிகம், வழக்கமான கொடி அளவுக்குக் கொண்டுவாருங்கள் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். சிக்னல் படையில் கொடி பிடித்த கை அல்லவா!

தங்கவயலுக்கு வந்த தபால்

1907 பிப்ரவரி 17-ம் தேதி அடையாறில் கர்னல் காலமானார். நான்கு மாதம் கழித்து, ஜூன் 19-ம் தேதி, ராயப்பேட்டையிலிருந்து ஒரு வார ஏடு வெளிவந்தது. 'ஒரு பைசாத் தமிழன்'. விலையும் ஒரு பைசாதான். அடுத்த ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது.

அந்த ஏட்டை உயிரோடு வைத்திருந்த ஊர்களில் முதல் வரிசையில் நிற்பது தங்கவயல். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் எழுந்தது. எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் முன்னின்றார்கள். காலையில் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கி, பாறை வெடிக்கும் ஓசையிலும் வேக்காட்டிலும் வெந்து, மேலே ஏறியதும் திருட்டுத் தங்கம் இருக்கிறதா என்று உடம்பெல்லாம் தடவிப் பார்க்கப்பட்டு வீடு திரும்பிய மனிதர்கள், அந்த ஏட்டை ஒருவர் படிக்கப் பலர் கேட்டார்கள். நீ திருடனும் இல்லை, தீண்டத்தகாதவனும் இல்லை, நீ இந்த நாட்டின் பூர்வ பௌத்தன் என்று அது சொன்னது.

சொன்னதோடு நிற்கவில்லை. கல்யாணத்தையும் சாவுச் சடங்கையும் புரோகிதர் இல்லாமல் பௌத்த முறையில் நடத்தினார்கள். போகிப் பண்டிகையைப் புத்தரோடு சேர்த்துப் 'போதிப் பண்டிகை' என்றார் பண்டிதர். தீபாவளி என்பது எள் நெய்யைக் கண்டுபிடித்து மக்கள் தலை முழுகிய நாள் என்று விளக்கினார். வரலாற்று ஆசிரியர்கள் இதையெல்லாம் ஒப்புவார்களோ மாட்டார்களோ. அது வேறு விஷயம். அசுரனைக் கொன்றதைக் கொண்டாடாமல் எண்ணெய் கண்டுபிடித்ததைக் கொண்டாடலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1911 மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது, சாதிப் பெயரைச் சொல்லாதீர்கள், சாதியில்லாத பௌத்தர் என்று பதியுங்கள் என்று 'தமிழன்' எழுதியது. கணக்கெடுக்க வந்தவர் நீட்டிய பாரத்தில் என்ன எழுதுவது என்பது, அதை எழுத வேண்டியவனுக்குச் சின்ன விஷயமல்ல.

பண்டிதர் 1914 மே 5-ல் மறைந்தார். அவருக்குப் பின் 'தமிழன்' தடுமாறி நின்றுபோனது. அதை 1926-ல் மறுபடி எழுப்பியது சென்னையல்ல, தங்கவயல்! ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராக வைத்து இங்கிருந்தே அச்சிட்டு வெளியிட்டார்கள். சித்தார்த்தா புத்தகசாலை என்ற பெயரில் பண்டிதரின் நூல்களையும் போட்டார்கள். கூலிக்காரர்கள் கையை விட்டுக் காசு போட்டு நடத்திய பதிப்பகம். சுயமரியாதை இயக்கத்துக்கு இங்கே மண் பதமாக இருந்ததற்கு இதுவும் காரணம். 1930-ல் கைரேகை வைக்கச் சொன்ன கம்பெனியை எதிர்த்து, நாங்கள் குற்றவாளிகளா என்று கேட்டு ஊரே வேலைநிறுத்தம் செய்ததே, அந்தத் தைரியத்திலும் இந்த ஏட்டின் பங்கு இருக்குமென்று நினைக்கிறேன். 1954-ல் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தபோது, அவர் பேச்சைக் கேட்கக் கூடியவர்களில் பலருடைய வீட்டில் புத்தர் படம் அரை நூற்றாண்டுப் பழசு.

அடையாறிலோ காற்று வேறு பக்கம் வீசியது. கர்னலுக்குப் பின் தலைவரான அன்னி பெசன்ட் அம்மையார், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைப்பதை எதிர்த்து 1909-ல் கட்டுரை எழுதினார். அம்பேத்கர் பின்னாளில் அதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். கர்னலின் பள்ளி மட்டும் தப்பிப் பிழைத்தது. பெசன்ட் நகரில் இன்றும் ஆல்காட் பெயரோடு அது நடக்கிறது.

சிலையும் டிரங்குப் பெட்டியும்

கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே கர்னலுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எத்தனை தலைவர்கள் இருக்க, ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அவரை. 1967-ல் தபால் தலையும் வெளியிட்டார்கள். நம் பண்டிதருக்கு 2005-ல்தான் தபால் தலை வந்தது. மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இருவர் பெயரும் இல்லை.

"சிலையெல்லாம் எதுக்குத் தம்பி?" என்றார் பெரியவர். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். அந்துருண்டை வாசனை. துணியில் சுற்றிய பழைய புத்தகங்கள். அட்டை போன சில இதழ்கள். தொட்டால் ஓரம் உதிர்கிறது. "பேரன் பெங்களூரிலே வீடு பார்க்கிறான். இந்த வருஷமோ வர்ற வருஷமோ போயிடுவோம். ஒரே அறை வீடு. இதை எங்கே வைக்கிறதுன்னு கேக்கிறான். அவன் மேலேயும் தப்பில்லை."

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்ட நாளிலிருந்து இப்படித்தான் பெட்டிகள் காலியாகின்றன. 1999-ல் ஞான. அலாய்சியஸ் பண்டிதரின் எழுத்துக்களைத் தேடித் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்ததே, அதற்குத் தங்கவயல் குடும்பங்கள் காப்பாற்றி வைத்திருந்த இதழ்களும் உதவின. சர்க்கார் காப்பகங்கள் தேடாமல் விட்டதைச் சுரங்கத் தொழிலாளி தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். ஆனால் 1926-க்குப் பிறகு இங்கிருந்து வந்த 'தமிழன்' இதழ்கள், சங்கத்தின் வரவு செலவு நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், பழைய போட்டோக்கள் எத்தனையோ இன்னும் வீடுகளில்தான் இருக்க வேண்டும்.

பெரியவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு இதழ்களைப் போட்டோ பிடித்து வந்தேன். பெட்டியை என்ன செய்வதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. உரிகத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பாருங்கள். பழைய பேப்பர்காரர் கிலோவுக்கு என்ன கொடுப்பார் என்பது நமக்குத் தெரியும். எடைக்குப் போடும் முன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். அல்லது கையிலிருக்கும் போனிலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போய்ச் சேரும் வரை ரயிலில் உட்கார்ந்து எடுத்தால்கூட ஒரு இதழ் முடிந்துவிடும். உட்கார இடம் கிடைத்தால்!